கேமில் காதுக்கும் வேலை கொடுங்கள்: அக்கா சொல்லும் பத்து டிப்ஸ்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

பின்னேரத்தில் பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோ இரத்தோட்டை ரோட்டில் ஏறி வரும்போது யாரும் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்துவதில்லை. பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபியூர் எலீஸ்' மெட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் கேட்கும்போதே அம்மாமார் சில்லறையை எடுத்து வைத்துவிடுவார்கள். ஆட்டோ கிட்ட வருகிறதா, தாண்டிப் போகிறதா, யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதையெல்லாம் காதே சொல்லிவிடும். நல்ல வீடியோ கேம் ஒன்று உங்கள் காதை நம்பிச் செய்வதும் இதே வேலைதான். திரையில் தெரியாத எதையும் அது சத்தத்தால்தான் சொல்லும்.

அப்படிப்பட்ட காது இருந்தும், பஸ் ஸ்டாண்டிலும் கடை வாசலிலும் நீங்கள் விளையாடுவதைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை. சிலர் சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டு ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறீர்கள். சிலர் இயர்போன் சத்தத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். முதலாவது கேமைக் கெடுக்கும், இரண்டாவது காதைக் கெடுக்கும். விளையாடுகிறவர்களுக்கும், ஒருநாள் சொந்தமாக கேம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பத்து விஷயங்களையும் எழுதுகிறேன்.

1. இரண்டு காதிலும் மாட்டுங்கள், முடிந்தால் வயரோடு

போன் திரை உள்ளங்கை அளவுதான். பின்னால் வருகிற எதிரி அதில் தெரியமாட்டான், அவனுடைய காலடி மட்டும் கேட்கும். இடப்பக்கம் எழுகிற சத்தம் இடது காதை முதலில் தொடும். வலது காதுக்கு அது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்தும். தலை இடையில் மறைப்பதால் கொஞ்சம் மங்கியும் போகும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒரு காதில் மட்டும் மாட்டினால் அந்த வித்தியாசமே இல்லாமல் போகும், திசையும் தெரியாது.

இயர்போனில் 'எல்' இடது காதுக்கு, 'ஆர்' வலது காதுக்கு. மாற்றி மாட்டினால் எதிரி இருக்கிற பக்கமும் மாறிவிடும். போனின் அணுகல் வசதிகளுக்குள் 'மோனோ' ஒலி என்று ஒரு பொத்தான் இருக்கும். அது போட்டிருந்தால் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் வரும், ஆகவே அணைத்து வையுங்கள். ஒரு காது மட்டும் கேட்கிற பிள்ளைகளுக்காக வைத்த வசதி அது. அவர்கள் கட்டாயம் அதைப் போட்டுத்தான் விளையாட வேண்டும்.

சாதாரண ப்ளூடூத் இயர்போனில் சத்தம் செக்கனில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பிந்தி வரும். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது. சுடுகிற கேமிலும் தாளத்துக்குத் தட்டுகிற கேமிலும் தோற்ற பிறகுதான் தெரியும். விலை குறைந்த வயர் இயர்போனில் அந்தத் தாமதம் இல்லை. ப்ளூடூத்தான் கையில் இருக்கிறதென்றால், அதில் 'கேம் மோட்' உண்டா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

2. இசைக்கு ஒரு கோடு, ஓசைக்கு ஒரு கோடு

பெரும்பாலான கேம்களின் செட்டிங்ஸில் பின்னணி இசை, ஓசைகள், குரல் என்று தனித்தனிக் கோடுகள் இருக்கும். போட்டி கேம் என்றால் இசையை நன்றாக இறக்கி, ஓசையை மேலே வையுங்கள். காலடி, கதவு, தோட்டா நிரப்பும் 'க்ளிக்' எல்லாம் அப்போதுதான் தெளியும். கூட்டாளிமாரின் குரலையும் ஓசைக்குக் கீழே வையுங்கள். கத்திப் பேசுகிற ஒருவரால் நாலு பேருக்கும் காலடி கேட்காமல் போகும்.

கதை சொல்லும் கேமில் இப்படிச் செய்யாதீர்கள். செய்தவர்கள் மாதக்கணக்காக இருந்து அளந்து வைத்த அளவு அது. முதல் தடவை அவர்கள் வைத்தபடியே கேளுங்கள்.

ஒரு பயிற்சியும் சொல்கிறேன். பயிற்சி மைதானத்தில் கூட்டாளி ஒருவரை உங்கள் ஆளைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, அவர் எந்தப் பக்கம், கிட்டவா தூரவா என்று கையால் காட்டுங்கள். கொஞ்ச நாளில் காது பழகிவிடும்.

3. காதைக் கெடுத்து வெல்ல வேண்டாம்

உட்காதில் சத்தத்தைப் பிடிக்கிற மெல்லிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. அவை செத்தால் திரும்ப முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்தில் 40 மணித்தியாலம் வரை, பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அதே 40 மணித்தியாலம் வரை. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 90 டெசிபலில் பெரியவர் ஒருவருக்கே வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான்.

2024இல் பி.எம்.ஜே. பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த மீளாய்வு ஒன்று, 9 நாடுகளில் 50,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கேம் விளையாடுவோர் கேட்கும் சத்தம் பல வேளைகளில் பாதுகாப்பு எல்லையைத் தொடுகிறது, தாண்டியும் போகிறது என்பதுதான் அதன் முடிவு. அதற்கு அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் வீடியோ கேம்களுக்கென்றே பாதுகாப்பாகக் கேட்கும் தரம் ஒன்றை வெளியிட்டன.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. சத்தம் 60 வீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றிவிட்டு எழுந்து நடக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லையென்றால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். மாத்தளை பஸ்ஸில் என்ஜின் இரைச்சலை வெல்லப் பார்த்து ஏற்றிக்கொண்டே போவதுதான் மிகவும் ஆபத்து, பஸ்ஸில் கேமை மூடி வையுங்கள். கழற்றிய பிறகும் காது இரைந்துகொண்டிருந்தால் அதைச் சும்மா விடாதீர்கள். அது நிற்காமல் தொடர்ந்தால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

ரோட்டில் நடக்கும்போது இரண்டு காதிலும் மாட்டவே வேண்டாம். நம்முடைய ரோட்டில் வளைவுக்கு வளைவு பஸ்ஸின் ஹோர்ன்தான் உங்களைக் காப்பாற்றுகிறது. லயத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: சுவருக்கு அந்தப் பக்கக் காம்பராவில் விடியக்காலை மலைக்குப் போகிறவர்கள் தூங்குகிறார்கள். இரவில் ஸ்பீக்கரில் போடாதீர்கள்.

4. பழைய கேம்களைக் காதால் படியுங்கள்

இசை என்ன செய்கிறது என்பது பழைய கேம்களில் பளிச்சென்று தெரியும், அவற்றில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை. 1978இல் ஜப்பானின் தைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில் பின்னணிக்கு நாலே நாலு தடித்த சுரங்கள்தான். படிப்படியாக இறங்கி, திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் குறையக் குறைய அதன் வேகம் கூடும், விளையாடுகிறவரின் நெஞ்சும் கூடவே அடிக்கும். விளையாட்டின் நிலைமைக்கு ஏற்ப இசை மாறலாம் என்பதை அந்த நாலு சுரம் உலகத்துக்குக் காட்டியது.

1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இசையை கோஜி கொண்டோ அமைத்தார். அந்த கேம் ஓடிய நின்டெண்டோ பெட்டியின் ஒலிச் சில்லில் இருந்தவை ஐந்தே தடங்கள். அதற்குள் மெட்டும் தாளமும் தாவும் ஓசையும் காசு எடுக்கும் ஓசையும் அடங்க வேண்டும். கொண்டோ மெட்டை ஓடுகிற, தாவுகிற கைக்கு இசைவாகக் கட்டினார். கடிகாரம் நூறுக்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு பறக்கத் தொடங்கும், எண்ணைப் பார்க்காதவருக்கும் அவசரம் புரிந்துவிடும். 2023இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் இந்த மெட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலுக்குள் போன முதல் வீடியோ கேம் இசை இதுதான்.

இந்த இரண்டையும் ஒருமுறை சத்தத்தோடும் ஒருமுறை சத்தமில்லாமலும் விளையாடிப் பாருங்கள். எங்கே பிந்துகிறீர்கள், எங்கே பயம் வரவில்லை என்று குறித்து வையுங்கள். இந்தப் பாடத்துக்கு வகுப்பும் வேண்டாம், காசும் வேண்டாம்.

5. 'வெண்பா'வைக் கட்டாயம் கேளுங்கள்

தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் கேம் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்து, 2023 ஜூலையில் வெளிவந்தது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தாய், தன் அம்மாவின் சமையல் கொப்பியில் அழிந்துபோன இடங்களை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்கிறாள். வளர வளரத் தமிழை விட்டு விலகுகிற மகனை அந்தச் சாப்பாட்டால் பிடித்து வைக்கப் பார்க்கிறாள். 2024இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும் பரிசும், பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும் இதற்குக் கிடைத்தன.

இதில் காதால் படிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது ரேடியோ. சமைக்கும்போது குசினியில் தமிழ்ப் பாட்டு ஓடும். பழைய சினிமாப் பாட்டை எடுத்துப் போடவில்லை, ஆல்ஃபா சம்திங் என்ற இசையமைப்பாளர் கேமுக்கென்றே புதிதாகச் செய்தார். கதை ஆண்டு ஆண்டாக நகர, பாட்டின் பாணியும் அந்தந்தக் காலத் தமிழ் சினிமா இசையைப் போல மாறும். எத்தனை வருஷம் போய்விட்டது என்பது திரையில் எழுத்து வரும் முன்பே காதுக்குத் தெரியும். இரண்டாவது அடுப்படி ஓசை: தாளிக்கும்போது வெடிக்கும் கடுகு, கொதிக்கும் தண்ணீர், மூடியைத் திறந்ததும் சீறும் ஆவி. இவை சரியாக இருப்பதால்தான் வாசனையே வராத ஒரு கேமில் நமக்குப் பசி எடுக்கிறது.

சின்னக் குழு ஒன்று நம் வீட்டு ஓசையை வைத்து உலக மேடை ஏறியிருக்கிறது. இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

6. நம் ஊர்ச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்

கேம் செய்ய ஆசையுள்ளவர்களுக்கு இதுதான் பெரிய டிப்ஸ். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மழையும் காற்றும் எங்கோ தூர நாட்டில் பதிந்தவை, எல்லோரும் அவற்றையே போடுகிறார்கள். இரத்தோட்டையில் இருக்கிற உங்களுக்கு வாசலிலேயே வேறு எவருக்கும் இல்லாத ஓசைகள் இருக்கின்றன. ரிவர்ஸ்டன் இடைவெளியில் ஆளைத் தள்ளும் காற்று, பம்பரகிரி எல்ல நீர்வீழ்ச்சி, பிட்டவலப் பத்தனையில் உரசும் புல், தகரக் கூரையில் வடகீழ்ப் பருவ மழை, தேயிலை ஸ்டோரில் இலை வாட்டும் காற்றாடியின் உறுமல், சுளகில் மிளகு புடைக்கும் சத்தம், கோவில் மணி, பள்ளிவாசல் பாங்கு, பன்சலையில் ஓதும் பிரித். இவ்வளவும் ஒரு பஸ் பயணத்துக்குள் கேட்கும்.

பதிவுக்கு உங்கள் போனே போதும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

போனை விமான நிலையில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு வீண்.

காற்று மைக்கில் நேராக மோதினால் வெறும் 'பட பட' என்றுதான் பதியும். பருத்தி மேஸ் ஒன்றுக்குள் போனைப் போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

ஓசைக்குக் கிட்டப் போங்கள். தூரத்தில் நின்று பதிந்துவிட்டுப் பிறகு ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

எதைப் பதிந்தாலும் முன்னும் பின்னும் பத்து செக்கன் சும்மா விடுங்கள். அந்த இடத்தின் அமைதியும் பிறகு தேவைப்படும்.

விடியற்காலை நல்ல நேரம், வாகனமும் ஒலிபெருக்கியும் குறைவு.

காலடியை ஒரே தரையில் பல தடவை பதியுங்கள். கல்படி, ஈரச் சருகு, சிமெந்து, சேறு என்று தரையையும் மாற்றுங்கள்.

எல்லா ஓசைக்கும் உண்மையான பொருள் வேண்டும் என்றில்லை. பொலித்தீன் பையை மைக்கின் கிட்ட மெல்லக் கசக்கினால் தீ எரியும் சத்தம் வரும். சினிமாவிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடு 2010இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. உள்ளே போவதென்றால் அனுமதியோடு, பெரியவர் ஒருவரோடு போங்கள். அருவிப் பாறையில் வழுக்கும் இடத்துக்கு இறங்காதீர்கள், கரையில் நின்றாலே சத்தம் நன்றாகப் பதியும்.

7. வெட்டி ஒட்டும்போது கவனிக்க வேண்டியவை

'ஒடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். வெட்டவும், இரைச்சலைக் குறைக்கவும், சுருதியை ஏற்றி இறக்கவும் அது போதும். மெட்டுக் கட்ட 'பீப்பாக்ஸ்' இருக்கிறது. பிரௌசரிலேயே திறக்கும், பாட்டு முழுவதையும் இணைய முகவரிக்குள்ளேயே வைத்துவிடுவதால் டேட்டா அதிகம் போகாது. கேம் செய்வதற்குத் தொடக்கத்தில் 'ஸ்க்ராட்ச்', பிறகு 'கோடோ'. இரண்டும் இலவசம்.

மழை, அருவி, பின்னணி இசை போன்றவை சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டுங்கள், வேறு இடத்தில் வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று கேட்கும். எம்.பி.3 கோப்பில் தொடக்கத்திலும் முடிவிலும் சின்ன இடைவெளி சேர்ந்துவிடும், சுற்றும் ஓசைக்கு ஓ.ஜி.ஜி. வடிவம் நல்லது. 'வேவ்' கோப்பு தரமானது, ஆனால் ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி. பிடிக்கும். காலடி போன்ற குட்டி ஓசைகளை மோனோவில் வைத்தால் பாதி இடம் மிச்சம். எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பதைக் கேமே பார்த்துக்கொள்ளும்.

ஒரே காலடியை அடுத்தடுத்து ஓடவிட்டால் மெஷின் போலக் கேட்கும். நாலைந்து பதிவுகளை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் சுருதியைத் துளி மாற்றி ஓடவிடுங்கள். அப்போது மனிதன் நடப்பது போல இருக்கும்.

8. இசை கேமோடு சேர்ந்து மாறட்டும்

இந்தப் பாடத்துக்குத் தோட்டத்துத் தப்புக் கலைஞர்களை விட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்கள். முந்திய காலத்தில் விடியுமுன் தப்பு அடித்துத்தான் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தார்கள். சாமிக்கு ஒரு அடி, கலியாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. தூரத்து மலையில் நிற்பவரும் கேட்ட மாத்திரத்தில் லயத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். மாசியில் காமன் கூத்து நடக்கும் இரவில், கதை சூடேறுவதற்கு ஏற்ப அடியும் ஏறும்.

கேம் உலகம் இதைத் தொழில்நுட்பமாக வளர்த்திருக்கிறது. 2010இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' கேமுக்கு பில் எல்மும் வுடி ஜாக்சனும் இசையமைத்தபோது, பெரும்பாலான இசையை ஒரே சுருதியிலும் ஒரே வேகத்திலும் துண்டு துண்டாகப் பதிந்தார்கள். குதிரையில் சும்மா போனால் ஒரு வாத்தியம், சண்டை வந்தால் மேலே இன்னும் இரண்டு. எதை எப்போது சேர்த்தாலும் ஒட்டிப் போகும்.

நீங்கள் சின்ன அளவில் தொடங்குங்கள். ஒரே தாளத்தில் மூன்று அடுக்கு செய்யுங்கள்: அமைதிக்குத் தனியே ஒரு புல்லாங்குழல், ஆபத்து நெருங்கும்போது அதோடு உறுமி, சண்டைக்கு மேலே தப்பு. மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டு, தேவையானதன் சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள்.

இசையே இல்லாத இடமும் வேண்டும். 2010இன் 'லிம்போ' கேமில் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன் மெட்டைப் பெரும்பாலும் ஒதுக்கி, சூழலின் ஓசையை மட்டும் விட்டார். அந்தக் காட்டில் தனியே நடக்கும் பையனின் பயம் அதனால்தான் நமக்குள் வருகிறது.

9. எல்லாருக்கும் விளையாடக் கொடுங்கள்

காது கேட்காத பிள்ளைக்கும் உங்கள் கேம் புரிய வேண்டும். முக்கியமான ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எழுத்தோ அடையாளமோ திரையில் வையுங்கள். 'ஃபோர்ட்நைட்' கேமில் காலடியும் வெடியும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று படமாகக் காட்டும் வசதி உண்டு. அதேபோல் பார்வையில்லாத பிள்ளைக்குச் சத்தம்தான் திரை. பிரான்ஸின் டோவினோ நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'எ ப்ளைண்ட் லெஜெண்ட்' படமே இல்லாத கேம், முழுக்க ஓசையை வைத்தே வாள் சண்டை போடலாம். 2020இன் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'இல் இப்படி 60க்கும் மேற்பட்ட வசதிகளை வைத்தார்கள். உங்கள் முதல் கேமில் இசை, ஓசை, குரல் மூன்றுக்கும் தனிக் கோடும், எழுத்து வசதியும் இருந்தாலே நல்ல தொடக்கம்.

10. கேட்டு எடுங்கள், பெயரைப் போடுங்கள்

சினிமாப் பாட்டைக் கேமில் போடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டிலும் இசையைப் பாதுகாக்கிறது. இலவச ஓசைக்கு 2005இல் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் தொடங்கிய 'ஃப்ரீசவுண்ட்' தளம் இருக்கிறது. ஆனால் பல ஓசைகளுக்கு நிபந்தனை உண்டு. சிலவற்றுக்குப் பெயர் போட்டால் போதும், சிலவற்றை விற்கும் கேமில் பயன்படுத்த முடியாது. எடுக்கும் முன் வாசியுங்கள்.

ஊரில் பதியும்போதும் இதே நியாயம்தான். கோவிலில் ஐயரிடமும் நிர்வாகத்திடமும் கேளுங்கள். தப்புக் கலைஞரை வாசிக்கச் சொன்னால் அவருக்கு உரிய காசைக் கொடுங்கள், கேமின் முடிவில் அவர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். தலைமுறை தலைமுறையாக வாசித்தும் பெயர் எழுதப்படாமல் போனவர்கள் அவர்கள். உங்கள் கேமில் அந்தக் குறை தொடரக் கூடாது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

இன்றைக்கே செட்டிங்ஸைத் திறந்து கோடுகளைச் சரிசெய்யுங்கள். நாளைக்குக் கூட்டாளி ஒருவரோடு அந்தக் கண்மூடிப் பயிற்சியைச் செய்யுங்கள். சனி ஞாயிறில் வீட்டைச் சுற்றி ஐந்து ஓசைகளைப் பதிந்து, இடம், நேரம் எழுதிப் பெயரிட்டு வையுங்கள். இரத்தோட்டையின் ஓசைகளைக் கேமுக்குள் கொண்டுபோகிற வேலையை வெளியிலிருந்து யாரும் வந்து நமக்காகச் செய்யப் போவதில்லை. இந்த மலையில் பிறந்து வளர்ந்த காது உங்களிடம் இருக்கிறது, கையில் போனும் இருக்கிறது. தொடங்குங்கள், சந்தேகம் வந்தால் அக்காவிடம் கேளுங்கள்.